வார்சா கெட்டோவில் 19 வயதுப் பெண்: நாவலுக்கு முன் நாட்காட்டி

கேள்வி இது: "இரண்டாம் உலகப்போர்க் காலத்து யூதப் பெண் ஒருத்தியை வைத்து நாவல் எழுதுகிறேன். வயது 19. வார்சா கெட்டோவில் (யூதர்களை மதிலுக்குள் அடைத்து வைத்த பகுதி) மார்பில் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொண்டு வாழ்கிறாள். 1942 ஆகஸ்டில் ரயிலேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்புகிறார்கள். எல்லாரும் பார்த்திருக்கும் அந்தச் செங்கல் வாயிலுக்குள் ரயில் நுழைகிறது. டாக்டர் மெங்கலே அவளை வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறார். கையில் 'ஏ' வரிசை எண் பச்சை குத்துகிறார்கள். ஒரு ஜெர்மன் அதிகாரி அவளைக் காதலித்துக் காப்பாற்றுகிறான். 1945-இல் அமெரிக்கப் படை முகாமை விடுவிக்கிறது. கதை தன்மையில் ஓடுகிறது. தகவல் பிழை ஏதும் உண்டா?"

அநேகமாக எல்லாமே பிழை. ஆனால் இவற்றில் எதுவும் கற்பனை இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மாதத்தில், யாரோ ஒருத்திக்கு நடந்ததுதான். ஒரே பெண்ணுக்கு இந்த வரிசையில் நடந்திருக்க வழியில்லை என்பதே சிக்கல். இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகின்றன. 1939 முதல் 1945 வரை ஐரோப்பா முழுக்க ஒரே சட்டம், ஒரே முகாம், ஒரே ரயில் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஊருக்கு ஊர் சட்டம் வேறு. ஒரே ஊரிலும் ஆறு மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது. அதனால் நாயகியின் குணம், காதல், கண்ணீர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நாட்காட்டி போடுங்கள். எந்த மாதம் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது நிலைத்துவிட்டால் பாதிக் கதையை அதுவே எழுதிவிடும்.

முதலில் நட்சத்திரம். வார்சாவில் மஞ்சள் நட்சத்திரம் இல்லை. 1939 டிசம்பர் 1 முதல் அங்கே வலது கையில் வெள்ளைப் பட்டை, அதில் நீல நிற தாவீது நட்சத்திரம். பட்டையின் அகலம் குறைந்தது 10 சென்டிமீட்டர். மேல்கோட்டில் மட்டும் கட்டினால் போதாது, உள்ளே போட்டிருக்கும் சட்டையிலும் இருக்க வேண்டும். கோட்டைக் கழற்றியதும் பட்டை இல்லையென்றால் அதுவே குற்றம். துணியிலும் செல்லுலாய்டிலும் செய்து தெருவில் கூவி விற்றார்கள். மஞ்சள் நட்சத்திரம் ஜெர்மனிக்குள் 1941 செப்டம்பரில், ஹாலந்தில் 1942 மே மாதத்தில், பிரான்ஸின் ஆக்கிரமிப்புப் பகுதியில் 1942 ஜூனில், ஹங்கேரியில் 1944 ஏப்ரலில் வந்தது. டென்மார்க்கில் வரவே இல்லை. போலந்திலேயே ஜெர்மனியோடு நேரடியாக இணைக்கப்பட்ட வூச் நகரத்தில் மஞ்சள் நட்சத்திரம் உண்டு. வார்சாவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவுதான், ஆனால் அங்கே சட்டம் வேறு. அதேபோல, பெண்களின் பெயரோடு கட்டாயமாக 'சாரா' சேர்த்தது ஜெர்மனியில். போலந்துப் பெண்ணின் அடையாள அட்டையில் அதைப் போடாதீர்கள். வார்சா யூதக் குடும்பத்தில் பெண்ணை ஹன்கா, ரூசியா, பெலா, தோசியா, ஃபிரும்கா என்றெல்லாம் அழைத்தார்கள்.

அடுத்து ரயில். கதையை உடைப்பது இதுதான். 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் 21 வரை வார்சாவிலிருந்து ஏறத்தாழ 2,65,000 பேரை ஏற்றிச் சென்ற ரயில்கள் ஆஷ்விட்ஸுக்குப் போகவில்லை. 80 கிலோமீட்டர் வடகிழக்கிலிருந்த ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குப் போயின. அங்கே பெண்களுக்கான குடியிருப்பு வரிசைகள் இல்லை, பச்சை குத்துதல் இல்லை, கோடு போட்ட உடை இல்லை. வந்து இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொல்லப்பட்டார்கள். உயிரோடு வெளியே வந்த சிலரும் பெரும்பாலும் வேலைக்குழுவில் இருந்த ஆண்கள். 1943 ஆகஸ்ட் 2 கலகத்தில் தப்பியவர்கள். 1942 ஆகஸ்டில் உங்கள் நாயகி அந்த ரயிலில் ஏறினால் நாவல் அந்த அத்தியாயத்தோடு முடிந்துவிடும்.

ஆகவே அவள் ஏறக் கூடாது. அந்தக் கோடையில் ஏறாமல் இருப்பதற்கு என்ன வழி? ஜெர்மன் முதலாளிகளின் பட்டறைகளில் வேலைச் சீட்டு. ட்யோபென்ஸ், ஷூல்ட்ஸ் ஆகியோரின் தையல் பட்டறைகள், தூரிகை செய்யும் பட்டறை ஆகியவை ராணுவத்துக்கு வேலை செய்தன. ஜூலையில் அந்தச் சீட்டுக்காக வீட்டிலிருந்த தையல் மிஷினைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு. நாயகியின் அம்மாவுக்குச் சிங்கர் மிஷின் ஒன்று வைத்துக்கொடுத்தால் அந்தக் காட்சி தானாக அமையும். ஆனால் சீட்டு காப்பாற்றும் என்று எழுதிவிடாதீர்கள். சில வாரங்களிலேயே சீட்டு வைத்திருந்தவர்களையும் பிடித்தார்கள். ஜூலை இறுதியில் ஒட்டிய அறிவிப்பு ஒன்று, தானாக வந்து ஏறுபவர்களுக்கு 3 கிலோ ரொட்டியும் 1 கிலோ ஜாமும் தருவதாகச் சொன்னது. யூதர்களுக்கான அதிகாரபூர்வ ரேஷன் நாளொன்றுக்கு 200 கலோரியைக்கூட எட்டாத ஊரில் 3 கிலோ ரொட்டிக்கு என்ன பொருள் என்று யோசியுங்கள். ஏமாளிகள் ஏறினார்கள் என்ற தொனி வந்துவிட்டால் அந்த இடம் கெட்டுவிடும். பசித்த குடும்பம் 'கிழக்கே வேலை' என்ற பேச்சையும் கையில் வந்த ரொட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 6 அன்று மிச்சமிருந்த எல்லாரையும் மீவா தெருவைச் சுற்றிய சில தெருக்களுக்குள் வரச் சொல்லி, பட்டறைவாரியாக எண்கள் விநியோகித்தார்கள். எண் கிடைத்தவர்கள் சுமார் 35,000 பேர். ஒளிந்து தப்பியவர்கள் இன்னும் 20,000-க்கு மேல். அதற்குப் பிந்திய கெட்டோவில் கிழவர்களும் குழந்தைகளும் கண்ணில் படுவது அபூர்வம். 1943-இல் கெட்டோத் தெருவில் பிள்ளைகள் விளையாடுவதாக ஒரு வரி வந்தால், அந்தக் காலத்தை அறிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

இந்த இடத்தில் நாயகிக்கு இரண்டு பாதைகள் திறக்கின்றன. ஒன்று, மதிலைத் தாண்டி 'ஆரியப் பக்கம்' என்று சொல்லப்பட்ட நகரத்துக்குள் போவது. யூத இளைஞர் இயக்கங்களில் ரகசியமாகத் தூது போனவர்கள் பெரும்பாலும் பெண்கள். காரணம் வீரமோ நளினமோ அல்ல. சந்தேகம் வந்தால் ஆணின் கால்சட்டையை அவிழ்க்கச் சொல்வார்கள், விருத்தசேதனம் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு காரணம், மதப்பற்றுள்ள குடும்பங்களில் ஆண்பிள்ளைகளை வேதப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதனால் அவர்களின் போலிஷ் சுத்தமாக இருந்தது. கத்தோலிக்கத் தோழிகளின் பழக்கவழக்கங்களும் தெரிந்திருந்தன. ஃபிரும்கா ப்வோட்னிட்ஸ்கா, தோசியா ஆல்ட்மான், லோன்கா கோசிப்ரோட்ஸ்கா, தேமா ஷ்னைடர்மான் ஆகியோர் அப்படிப் போனவர்கள். இன்னொரு தூதுப் பெண்ணான விளாட்கா மீட் 1942 டிசம்பரில் வேலைக்குப் போகும் கும்பலோடு கெட்டோவிலிருந்து வெளியேறியபோது, ட்ரெப்ளிங்காவின் வரைபடம் அச்சான ரகசியப் பத்திரிகையைச் செருப்புக்குள் வைத்திருந்தார்.

இந்தப் பாதையை எடுத்தால் காகிதங்களில் கவனம் வையுங்கள். தேவாலயப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஞானஸ்நானச் சான்று (பெரும்பாலும் இறந்துபோன ஒரு பெண்ணுடையது), அதை வைத்து வாங்கும் 'கென்கார்ட்டே' அடையாள அட்டை, வேலைச் சான்று, தங்குமிடப் பதிவு. நான்கில் ஒன்று குறைந்தாலும் ஆபத்து. முடிக்குப் பெராக்சைடு போட்டு வெளுக்கிறாள் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் வேரில் கறுப்பு தெரியும்; அதற்கு மருந்து, மறைவிடம், காசு மூன்றும் வேண்டும். ஜெபங்கள் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும், தன் புதுப் பெயருக்குரிய புனிதரின் நாள் நினைவில் நிற்க வேண்டும். மிகக் கடினமானது முகபாவம். அன்றுதான் குடும்பத்தை இழந்தவள் ரயில் பெட்டியில் மற்றவர்களின் யூதக் கேலிக்குச் சிரிக்க வேண்டும். ஜெர்மன் போலீஸைவிட அவள் அதிகம் அஞ்ச வேண்டியது, முகத்தைப் பார்த்தே இனம் கண்டு பணம் பறிக்கும் உள்ளூர் ஆட்களுக்கு. ஜெர்மன்காரனுக்குப் போலந்துப் பெண்ணுக்கும் யூதப் பெண்ணுக்கும் பேச்சில் வித்தியாசம் தெரியாது. அந்த ஊர்க்காரனுக்குத் தெரியும். நாவல்களில் இந்த ஆட்கள் வருவதே இல்லை, எல்லா ஆபத்தும் சீருடை போட்டுத்தான் வருகிறது.

இரண்டாவது பாதைதான் உங்கள் நாயகியை நீங்கள் விரும்பிய ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசேர்க்கும். 1943 ஏப்ரல் 19 அன்று, பஸ்கா பண்டிகைக்கு முந்தைய மாலை, கெட்டோவில் எழுச்சி தொடங்கியது. ஜெர்மானியர் கட்டடம் கட்டடமாகத் தீ வைத்தார்கள். நிலவறைகளிலிருந்து பிடிபட்டவர்களில் பலரை லூப்ளின் அருகேயுள்ள மைதானெக் முகாமுக்கு அனுப்பினார்கள். எஸ்டூசியா, ஹன்கா என்ற வைட்ஸ்புளூம் சகோதரிகள் அப்படிப் போனவர்கள்தான். அங்கே பெற்றோரை இழந்து, 1943 செப்டம்பரில் ஆஷ்விட்ஸுக்கு மாற்றப்பட்டார்கள். உங்கள் நாயகிக்கும் இதே பயணத்தைக் கொடுங்கள், ஆனால் தேதியைத் தாண்டவிடாதீர்கள். 1943 நவம்பர் 3 அன்று ஒரே நாளில் மைதானெக்கில் சுமார் 18,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குள் அவள் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும்.

மைதானெக்கில் பச்சை குத்தவில்லை. எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். ஒருத்தி இறந்தால் அதே எண் அடுத்தவளுக்குப் போகும். தோலில் எண் குத்தியது ஆஷ்விட்ஸ் மட்டுமே. இடது முன்கையில், 1943 இலையுதிர் காலத்தில் வந்த பெண்ணுக்கு ஐந்திலக்க எண், முன்னால் எழுத்து ஏதும் இருக்காது. 'ஏ' என்ற எழுத்து 1944 மே மாதத்துக்குப் பிறகு வந்த யூதர்களுக்கானது. அந்தக் கோடையில் ஹங்கேரியிலிருந்து வந்த பெண்களில் ஆயிரக்கணக்கானோருக்கு எண்ணே குத்தவில்லை. வேறு முகாம்களுக்கு அனுப்பும்வரை ஆஷ்விட்ஸின் பெரிய கிளையான பிர்கெனாவில் சும்மா அடைத்து வைத்திருந்தார்கள்.

செங்கல் வாயிலுக்குள் நுழையும் தண்டவாளமும் 1944 மே மாதத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது, ஹங்கேரி யூதர்களின் ரயில்களுக்காக. அதற்கு முன் வந்தவர்கள் ஆஷ்விட்ஸ் பிரதான முகாமுக்கும் பிர்கெனாவுக்கும் நடுவிலிருந்த பழைய சரக்கு நடைமேடையில் இறங்கி, நடந்தோ லாரியிலோ முகாமுக்குப் போனார்கள். 'வேலை விடுதலை தரும்' என்ற இரும்பெழுத்து வளைவு பிர்கெனாவில் இல்லை, பிரதான முகாமில் இருக்கிறது. வந்த அன்றே அவள் அதன்கீழ் நடக்க வேண்டாம். மெங்கலே ஆஷ்விட்ஸுக்கு வந்தது 1943 மே இறுதியில். செப்டம்பரில் அவர் இருந்தார், சரி. ஆனால் தேர்வுக்கு (யார் வேலைக்கு, யார் சாவுக்கு என்று பிரிப்பதற்கு) நின்ற மருத்துவர்கள் பலர், முறைவைத்து நின்றார்கள், கைதியிடம் யாரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளவில்லை. பிற்கால வாக்குமூலங்களில் எல்லாரையும் மெங்கலேயே தேர்ந்தெடுத்ததாக வருவதற்குக் காரணம், போருக்குப் பின் அந்தப் பெயர் மட்டும் ஊரெல்லாம் பரவியதுதான். தன்மையில் கதை சொல்பவள் 'வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அதிகாரி' என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

உடை விஷயத்தில் சினிமா நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. பிர்கெனாவின் யூதப் பெண்கள் எல்லாருக்கும் கோடுபோட்ட உடை கிடைக்கவில்லை. கொல்லப்பட்டவர்களின் சாதாரணத் துணிகளை, முதுகில் சிவப்புச் சாயம் அடித்துக் கொடுத்தார்கள். அளவு பார்க்க மாட்டார்கள். குள்ளமானவளுக்கு மாலைநேர விருந்துக் கவுன், உயரமானவளுக்குச் சிறுமியின் பாவாடை. காலுக்கு மரக்கட்டை. சேற்றில் கட்டை ஒட்டிக்கொண்டால் கால் வெளியே வந்துவிடும், குனிந்து எடுத்தால் அடி. கால் புண்ணாவது, வீங்குவது, அடுத்த தேர்வில் நீக்கப்படுவது என்று வரிசையாக நடக்கும். செருப்புதான் அங்கே உயிர். காதல் காட்சிக்கு நீங்கள் ஒதுக்கிய பக்கங்களில் பாதியைச் செருப்புக்குக் கொடுக்கலாம்.

சாப்பாடு: காலையில் அரை லிட்டர் காப்பி என்ற பெயரில் கறுப்புத் தண்ணீர், நண்பகலில் முக்கால் லிட்டர் சூப், மாலையில் சுமார் 300 கிராம் ரொட்டி, கூடவே 25 கிராம் அளவில் தொத்திறைச்சியோ மார்ஜரினோ ஒரு கரண்டி ஜாமோ. மாலை ரொட்டியில் பாதியை மறுநாள் காலைக்கு வைக்க வேண்டும். வைத்தால் திருடு போகும், தின்றுவிட்டால் மறுநாள் நண்பகல்வரை வயிற்றில் எதுவும் இல்லை. இந்த ஒரு முடிவை ஒவ்வோர் இரவும் அவள் எடுக்க வேண்டியிருக்கிறது. சூப்பில்கூட வரிசை முக்கியம். மேலே தண்ணீர், அடியில் உருளைக்கிழங்கு. முதல் ஆளாக நிற்பது முட்டாள்தனம். மிகப் பின்னால் நின்றால் தீர்ந்துவிடும். கரண்டி பிடிக்கும் பெண்ணின் கை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில் பகையும் நட்பும் உருவாயின. கிண்ணம் ஒன்றுதான், அதைக் கயிற்றில் இடுப்போடு கட்டிக்கொள்வார்கள். தொலைந்தால் சூப்பை வாங்க ஏதும் இல்லை.

தலைமுடி மழிக்கப்பட்டதும், மாதவிடாய் நின்றுபோனதும் பெண்களின் வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சூப்பில் ஏதோ கலக்கிறார்கள் என்று முகாமில் நம்பினார்கள்; பட்டினியும் அதிர்ச்சியும் போதுமான காரணங்கள் என்பது மருத்துவர்களின் விளக்கம். 19 வயதுப் பெண்ணுக்கு இனி குழந்தை பிறக்குமா என்ற பயம் அங்கே பசிக்கு அடுத்த பேச்சு. ஆண் எழுத்தாளர்கள் இதைத் தொடாமலே போய்விடுகிறார்கள். தொட்டால் மிகையின்றி, அந்தப் பெண்கள் பேசிய அதே சாதாரணக் குரலில் தொடுங்கள்.

தனியாகப் பிழைத்தவர்கள் அபூர்வம் என்பதையும் கவனியுங்கள். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து, கூடப் பிறந்தவர்களோ இல்லையோ, முகாம் சகோதரிகளாக இருந்தார்கள். ஒருத்தி காய்ச்சலில் கிடந்தால் மற்றவர்கள் அன்றாட ஆள் கணக்கெடுப்பில் இருபக்கமும் தாங்கி நிறுத்துவார்கள். அதே குடியிருப்பில் மொழியும் பிரித்தது. போலந்துப் பெண்கள் வீட்டில் ஜெர்மனுக்கு நெருக்கமான யூத மொழியான யித்திஷ் பேசியதால் ஜெர்மன் கட்டளை ஓரளவு விளங்கும். கிரேக்கத்தின் சலோனிகாவிலிருந்து 1943-இல் வந்த பெண்கள் பேசியது ஸ்பானிஷிலிருந்து பிறந்த யூத மொழியான லதினோ. அவர்களுக்கு யித்திஷும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. கட்டளை புரியாமல் அடி வாங்கியவர்களில் அவர்கள் முன்வரிசை. உங்கள் நாயகியின் படுக்கைப் பலகையில் ஒரு சலோனிகாப் பெண்ணைப் படுக்க வைத்தால் நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

காதலிக்கும் அதிகாரி பற்றி. ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஹெலெனா சிட்ரோனோவாவும் காவலன் ஃபிரான்ஸ் வுன்ஷும் என்ற ஒரு வழக்கு உண்மையிலேயே இருக்கிறது. அவன் அவளுடைய அக்காவைக் காப்பாற்றினான். அவள் 1972-இல் வியன்னா விசாரணையில் அவனுக்காகச் சாட்சி சொன்னாள். இந்த ஒன்றைக் காட்டித்தான் எல்லா நாவலாசிரியர்களும் தங்கள் அதிகாரியைக் கொண்டுவருகிறார்கள். என் அபிப்பிராயத்தில் எடுத்துவிடுங்கள். விடவே மாட்டேன் என்றால், 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்பவளின் கணக்கிலிருந்து எழுதுங்கள், அவனுடைய இரக்கத்திலிருந்து அல்ல. யூதப் பெண்ணைத் தொடுவது ஜெர்மன் சட்டப்படி அவனுக்கும் குற்றம். வெளியே தெரிந்தால் அவனுக்குத் தண்டனை, அவளுக்குச் சாவு. முகாமில் இயங்கிய விபச்சார விடுதிக்கு யூதப் பெண்களைச் சேர்க்கவில்லை. நாவல்களும் படங்களும் பரப்பிய அந்தக் காட்சியையும் தவிருங்கள்.

அதிகாரியை எடுத்துவிட்டால் கதைக்கு உயிர் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 1943 செப்டம்பரில் வார்சாப் பெண் ஒருத்தியை பிர்கெனாவில் நிறுத்திவிட்டீர்கள் அல்லவா, அவளை வேலைக்கு அனுப்ப யூனியன் தொழிற்சாலை இருக்கிறது. பிரதான முகாமுக்கு அருகில், பீரங்கிக் குண்டுகளுக்கான வெடிமுனைகள் செய்த இடம். 1943 அக்டோபரில் க்ரூப் நிறுவனத்திடமிருந்து யூனியன் எடுத்துக்கொண்டது. பகல், இரவு என இரண்டு ஷிஃப்ட், 12 மணி நேரம் வீதம். கூரை இருந்தது, உட்கார்ந்து செய்யும் வேலை. வெளியே கல் சுமந்தவளுக்கு இது சொர்க்கம். அதன் உள்ளே வெடிமருந்து அறை என்ற சிறிய இடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள் மருந்தை அளந்து போட்டு அழுத்தியந்திரத்தில் வைத்து வில்லையாக்கினார்கள். ரெகினா சாஃபிர்ஷ்டைன் அங்கே மேற்பார்வை, முன்பு சொன்ன எஸ்டூசியா அங்கே வேலை.

சிந்தியது, பழுதானது என்று ஒதுக்குவதில் ஒரு சிட்டிகை எடுத்து, துணித்துண்டில் முடிந்து, உடைக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினார்கள். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி சேர்ந்தாலே அதிகம். வழியில் சோதனை என்று தெரிந்தால் முடிச்சை அவிழ்த்து மண்ணில் கொட்டி, காலால் தேய்த்துவிட்டு நடப்பார்கள். அன்றைய உழைப்பு போனது. ஆலா கெர்ட்னர் போன்றவர்கள் கைமாற்றி, அது துணிக்கிடங்கில் வேலை செய்த ரோசா ரோபோட்டாவிடம் சேரும். அவரிடமிருந்து, கொல்லப்பட்டவர்களின் உடல்களை எரித்த எரிகூடங்களில் வேலை செய்த யூதக் கைதிகளுக்கு. சங்கிலியில் ஒருத்திக்குத் தனக்கு முன்னும் பின்னும் உள்ளவளைத் தவிர யாரையும் தெரியக் கூடாது என்பதே ஏற்பாடு. மாதக்கணக்கில் சேர்த்தது இது. 1944 அக்டோபர் 7 அன்று எரிகூடக் கைதிகள் கிளர்ந்தெழுந்து 4ஆம் எரிகூடத்துக்குத் தீ வைத்தார்கள். முகாமை நடத்திய எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் ஆட்கள் 3 பேர் இறந்தனர். கைதிகளில் சுமார் 450 பேர் கொல்லப்பட்டனர். மருந்து எங்கிருந்து வந்தது என்று தோண்டியதில் நான்கு பெண்கள் சிக்கினார்கள். ரோசா, ஆலா, ரெகினா, எஸ்டூசியா. சித்திரவதையில் ரோசா சொன்னதெல்லாம் ஏற்கெனவே இறந்துபோனவர்களின் பெயர்களைத்தான் என்பார்கள். 1945 ஜனவரி தொடக்கத்தில், இரண்டு ஷிஃப்ட் பெண்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக இரண்டு இரண்டு பேராகத் தூக்கிலிட்டார்கள். முகாம் காலியாக இரண்டு வாரம்கூட இல்லை.

அந்த அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவில், விசாரணை நடந்துகொண்டிருந்த அதே தொழிற்சாலையில், டிசம்பர் 12 அன்று ஒரு பெண்ணுக்கு 20 வயது நிறைந்தது. கூட வேலை செய்தவர்கள் இதய வடிவில் சின்னஞ்சிறு வாழ்த்துப் புத்தகம் ஒன்று செய்து கொடுத்தார்கள். ஊதாத் துணி அட்டை, அதில் அவள் பெயரின் முதலெழுத்து ஆரஞ்சு நூலில். உள்ளே மடித்து மடித்து விரியும் தாள்களில் போலிஷ், ஜெர்மன், ஃபிரெஞ்சு, ஹீப்ரு மொழிகளில் வாழ்த்துகள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அது இன்று மொன்ட்ரியால் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாள் எங்கிருந்து, கத்தரிக்கோல் எங்கிருந்து, ஊசிக்கு எவ்வளவு ரொட்டி கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு திருட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டனை. நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

முடிவு. ஆஷ்விட்ஸை விடுவித்தது சோவியத் படையான செஞ்சேனை, 1945 ஜனவரி 27 அன்று. அப்போது உள்ளே மிஞ்சியிருந்தது சுமார் 7,000 பேர், பெரும்பாலும் நடக்க முடியாதவர்கள். உங்கள் நாயகி நடக்கக் கூடியவள் என்றால் ஜனவரி 18 வாக்கில் கிளம்பிய வரிசையில் இருப்பாள். பனியில் வோஜிஸ்வாவ் என்ற ஊர் வரை 63 கிலோமீட்டர், பின்தங்கினால் சுடுவார்கள். அங்கிருந்து மேல்மூடி இல்லாத நிலக்கரி வேகன்களில் ஜெர்மனியின் ராவன்ஸ்புரூக் பெண்கள் முகாம். அங்கே இடமில்லாமல் மால்ஹோ, நோய்ஷ்டட்-க்லேவ போன்ற கிளை முகாம்களுக்குத் தள்ளினார்கள். விடுதலை மே முதல் வாரத்தில். அமெரிக்கச் சிப்பாய்தான் வேண்டும் என்றால், அவளை 1944-லேயே வேறு தொழிற்சாலை முகாமுக்கு அனுப்பிப் பாதையை மாற்ற வேண்டும். பிரிட்டிஷ் படை வேண்டுமென்றால் பெர்கன்-பெல்சன் முகாம், 1945 ஏப்ரல் 15. எந்தப் படையானாலும் முதல் நாளே டின் இறைச்சியை வயிறு நிறைய ஊட்டிவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடல் தாங்காமல் விடுதலைக்குப் பிறகு இறந்தவர்கள் ஏராளம். செஞ்சேனை வந்த இடங்களில் மீண்ட கைதிப் பெண்களும் பாலியல் வன்முறையிலிருந்து தப்பவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வார்சாவுக்குத் திரும்பினால் கெட்டோ இருந்த இடம் முழுக்கச் செங்கல் மேடு. 1946 ஜூலை 4 அன்று கீல்ட்சே நகரில் திரும்பி வந்த யூதர்களில் 42 பேரைக் கொன்றார்கள். அதற்குப் பின் போலந்தை விட்டு வெளியேறியவர்களோடு அவளையும் சேர்த்துவிடலாம்.

தன்மைக் கதைசொல்லல் பற்றி ஒன்று. அவளுக்கு அந்த மாதத்தில் என்ன தெரியுமோ அதற்குமேல் அவள் வாயில் வரக் கூடாது. 1942 ஜூலையில் ட்ரெப்ளிங்கா என்ற பெயர் வார்சாவில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆகஸ்ட் கடைசியில் தப்பி வந்தவர்கள் சொன்னபிறகே பரவியது, பரவியும் பலர் நம்பவில்லை. 'ஹோலோகாஸ்ட்' என்ற சொல்லும் 'ஆறு மில்லியன்' என்ற எண்ணும் அவளிடம் இல்லை. யூதர்களின் கொழுப்பில் சோப்பு காய்ச்சுகிறார்கள் என்ற பேச்சு அன்று ஊரெங்கும் இருந்தது, சோப்பின்மேல் இருந்த மூன்று எழுத்துகளுக்குத் தவறான பொருள் சொன்னார்கள்; அப்படி ஆலைகளில் காய்ச்சியதற்கு ஆதாரம் இல்லை. அந்த வதந்தியை ஒரு பாத்திரம் சொல்லலாம், நாவல் அதை உண்மையாக்கிவிடக் கூடாது.

அந்தக் குரலைப் பிடிக்க, 1990-களில் எடுத்த காணொளிப் பேட்டிகளுக்கு முன்னால் 1946-ஐக் கேளுங்கள். டேவிட் போடர் என்ற உளவியலாளர் கம்பிச்சுருள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அகதி முகாம்களில் சுமார் 130 பேரைப் பேட்டி எடுத்தார். ஐம்பது ஆண்டுப் படிப்பும் சினிமாவும் அவர்கள் நினைவில் கலந்திருக்கவில்லை. தேதி குழம்புகிறது, ஊர்ப்பெயர் மாறுகிறது, போடரே இடைமறித்துப் புரியவில்லை என்கிறார். யித்திஷ், ஜெர்மன், ரஷ்யன் மூலங்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசம். இருபது வயதை ஒட்டிய பெண்களின் பதிவுகளை முதலில் எடுங்கள். தேதிக்கு மட்டும் அவர்களை நம்பாமல், முகாமின் ஆவணங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.